வெஜ்வுட்டின் 150 உரைகள்: ஓர் உறுப்பினரின் பங்களிப்பை எதைக்கொண்டு அளப்பது?

ஏட்டுப்புழு (இழையைத் தொடங்கியவர்)

பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் கீழவையான காமன்ஸ் அவையில் 1906 முதல் 1942 வரை நியூகாசில்-அண்டர்-லைம் தொகுதியின் உறுப்பினராக இருந்த ஜோசையா வெஜ்வுட்டைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் ஒரே கதையில்தான் தொடங்குகிறார்கள். மனவளர்ச்சி குன்றியவர்களை நிறுவனங்களில் அடைத்து வைக்க வழிசெய்த மனக்குறைபாட்டு மசோதா 1913-இல் அவைக்கு வந்தபோது, அடுத்தடுத்த இரண்டு இரவுகள், பார்லித் தண்ணீரும் சாக்லேட்டும் மட்டுமே உணவாக, 120 திருத்தங்களைக் கொடுத்து 150 உரைகள் நிகழ்த்தினார் என்பதே அந்தக் கதை. மசோதா எப்படியும் நிறைவேறியது. இறுதி வாக்கெடுப்பில் எதிர்த்து விழுந்தவை மூன்றே வாக்குகள்.

அறியாதவர்களுக்காகச் சில வரிகள். ஸ்டாஃபர்ட்ஷயரின் புகழ்பெற்ற பீங்கான் தொழிற்குடும்பத்தில் 1872-இல் பிறந்தவர். கப்பல் கட்டும் பொறியியல் கற்றவர். போயர் போரில் பீரங்கிப் படையில் இருந்துவிட்டு, தென்னாப்பிரிக்காவில் டிரான்ஸ்வாலின் எர்மெலோ பகுதியில் மாஜிஸ்திரேட்டாகப் பணியாற்றினார். அமெரிக்கப் பொருளியல் சிந்தனையாளர் ஹென்றி ஜார்ஜின் நிலவரிக் கொள்கையில் மனம் ஊன்றி, 1906 பொதுத்தேர்தலில் லிபரல் கட்சியின் சார்பில் வென்றார். நிலத்தின் மதிப்பு உயர்வது சமுதாயத்தின் உழைப்பால்தான், ஆகவே அந்த உயர்வின் மீதே வரி விழ வேண்டும் என்பதை அவர் எந்தத் தலைப்பு விவாதத்துக்கு வந்தாலும் எப்படியாவது நுழைத்துவிடுவார். நில மதிப்பின் மீது வரி விதிக்க முனைந்த 1909-ஆம் ஆண்டின் 'மக்கள் வரவுசெலவுத் திட்டம்' அவருக்குத் திருவிழா போல இருந்திருக்க வேண்டும்.

அவருடைய 1906–1920 காலத்து உரைகளை இப்போது வரிசையாகப் படித்து வருகிறேன். ஆண்டுவாரியாகப் பட்டியலிட்டால் எண்ணிக்கை மலைக்க வைக்கிறது. ஆனால் அந்த எண்ணிக்கை எதையாவது உணர்த்துகிறதா என்ற ஐயம் எனக்கு வந்துவிட்டது. அந்த ஆண்டுகளில் அமைச்சர் பதவி இல்லாத, பெரும்பாலும் தோற்கும் பக்கத்தில் நின்ற ஓர் உறுப்பினர் அவைக்கு உண்மையில் என்ன கொடுத்தார் என்பதை எதைக்கொண்டு மதிப்பிடுவது? அவை நடைமுறை அறிந்தவர்கள் சொல்ல வேண்டும்.

சுருக்கெழுத்து

ஏட்டுப்புழு ஐயாவுக்கு வணக்கம். நான் ஒரு சட்டமன்றச் செயலகத்தில் நெடுங்காலம் நிருபராக, அதாவது அவையில் அமர்ந்து பேச்சைச் சுருக்கெழுத்தில் எடுப்பவனாக, வேலை பார்த்தவன். ஆகவே எண்ணிக்கையைப் பற்றிய உங்கள் ஐயம் எனக்கு மிகவும் பழக்கமானது.

முதலில், நீங்கள் எடுத்துக்கொண்ட காலத்தின் நடுவில் ஒரு கோடு கிழிக்க வேண்டும். அந்தக் கோடு 1909. அதற்கு முன்பு, அவை விவாதங்களின் பதிவேடான ஹன்சார்டு என்பது அவையின் சொந்த ஏடு அன்று. அது ஒப்பந்தக்காரர்கள் தயாரித்த ஏடு, பெரும்பகுதி செய்தித்தாள் அறிக்கைகளைச் சார்ந்தது, முக்கியத்துவம் குறைந்தவர்களின் பேச்சுகள் படர்க்கையில் சுருக்கப்பட்டிருக்கும். உறுப்பினர் தம் பேச்சைத் தாமே பார்த்துத் திருத்தியிருந்தால் அதன் தொடக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி இருக்கும். 1906 முதல் 1908 வரையிலான வெஜ்வுட்டின் உரைகளை எடுக்கும்போது அந்தக் குறியைப் பாருங்கள். புதிதாக வந்த ஒரு பின்வரிசை உறுப்பினர் அன்று உண்மையில் எவ்வளவு நேரம் பேசினார் என்பதை அந்தப் பக்கங்களின் நீளத்தைக்கொண்டு கணிக்க முடியாது. 1909-இல் அவையே தன் நிருபர்களை அமர்த்திக்கொண்ட பிறகுதான் ஒவ்வொருவர் பேச்சும் ஏறக்குறைய முழுமையாகத் தன்மையில் பதிவாகத் தொடங்கியது. அப்போதும் கூறியது கூறலும் வெற்றுச்சொற்களும் நீக்கப்படும் என்பதே விதி. நேரத்தைக் கடத்துவதற்காகவே பேசும் ஒருவருக்கு இதைவிடப் பெரிய இழப்பு இருக்க முடியாது. அவருடைய ஆயுதமே கூறியது கூறல்தானே!

இரண்டாவது, '150 உரைகள்' என்பதில் உள்ள 'உரை' என்ற சொல். மசோதாவின் திருத்தங்களை அவை ஒவ்வொன்றாக எடுக்கும் கட்டத்தில் ஒருவர் எழுந்து ஒரு திருத்தத்தை முன்மொழிவதும், அமைச்சரின் விளக்கத்துக்குப் பதில் சொல்வதும், இரண்டு வரியில் ஒரு சொல்லை ஆட்சேபிப்பதும், திருத்தத்தைத் திரும்பப் பெறுவதும் தனித்தனிப் பதிவுகளாகவே விழும். 120 திருத்தங்களைக் கொடுத்தவருக்கு 150 முறை எழுவது இயல்பு. அதை 150 சொற்பொழிவு என்று எண்ணிக்கொண்டால் கதை பெரிதாகும், ஆனால் மனிதர் சிறுத்துவிடுவார், ஏனெனில் உண்மையில் அவர் செய்தது அதைவிடக் கடினமான வேலை. ஒரு நீண்ட பேச்சைப் பேசிவிட்டு அமர்ந்துவிடலாம். நள்ளிரவு தாண்டி ஒவ்வொரு உட்பிரிவுக்கும், அந்த உட்பிரிவுக்கே உரிய காரணத்தைச் சொல்லி எழ வேண்டுமானால், மசோதா முழுவதும் மனப்பாடமாக இருந்தாக வேண்டும். திருத்தத்துக்குத் தொடர்பில்லாமல் பேசினால் அவைத்தலைவர் உட்கார வைத்துவிடுவார்.

மூன்றாவதாக ஒன்றைப் பலர் கவனிப்பதில்லை. 1907-இல் நடைமுறை விதிகள் மாற்றப்பட்ட பிறகு, மசோதாக்கள் பொதுவாக நிலைக்குழுவுக்கு அனுப்பப்பட்டன. அந்தக் குழுக்களின் பேச்சுகள் 1919 வரை அதிகாரபூர்வமாகப் பதிவாகவில்லை. நடவடிக்கைக் குறிப்பு இருக்கும், பேச்சு இராது. ஆகவே ஓர் உறுப்பினர் தம் எதிர்ப்பு ஏட்டில் நிற்க வேண்டும் என்று விரும்பினால், முழு அவையில், நிருபர்களின் காதில் விழும்படி சொல்லியாக வேண்டும்.

முகில்நிலா

சுருக்கெழுத்து ஐயா சொன்னதைப் படித்த பிறகு அந்த உட்பிரிவுகள் எவை என்பதையும் இங்கே சொல்ல வேண்டும் என்று தோன்றியது. நான் மனநல சமூகப்பணி படித்தவள், இந்தச் சட்டம் எங்கள் பாடத்தில் ஒரு பத்தியில் கடந்துபோன ஒன்று.

1904-இல் அமைக்கப்பட்ட அரச ஆணையம் 1908-இல் அறிக்கை தந்தது. 'மனவலிமை குன்றியவர்கள்' பெருகிவருகிறார்கள், இது பெரும்பாலும் பரம்பரையாக வருவது, ஆகவே அவர்களைத் தனியே பராமரித்துக் கட்டுப்படுத்த வேண்டும் என்பது அதன் போக்கு. மனிதர்களில் 'நல்ல' பரம்பரையை மட்டும் பெருக்க வேண்டும் என்ற இனமேம்பாட்டுக் (யூஜெனிக்ஸ்) கொள்கையைப் பரப்ப 1907-இல் தொடங்கப்பட்ட இனமேம்பாட்டுக் கல்விச் சங்கம் இந்தக் கருத்தை ஊரெங்கும் கொண்டுசென்றது. 1912 ஜூலையில் லண்டனில் முதல் சர்வதேச இனமேம்பாட்டு மாநாடும் கூடியது. அதே ஆண்டில்தான் அரசின் முதல் மசோதா வந்தது. அதில், சமுதாய நலனுக்காகப் பிள்ளை பெறும் வாய்ப்பை யாருக்கு மறுப்பது விரும்பத்தக்கதோ அவர்களையும் பிடித்து வைக்கலாம் என்ற பொருளில் ஒரு பிரிவு இருந்தது. குறைபாடுள்ளவர்கள் என்று வகைப்படுத்தப்பட்டவர்களுடன் திருமணம் செய்வதைத் தடுக்கும் பிரிவும் இருந்தது. 1912 மசோதா கைவிடப்பட்டது. 1913-இல் உள்துறை அமைச்சர் ரெஜினால்ட் மெக்கென்னா கொண்டுவந்த புதிய மசோதாவில் இவ்விரண்டும் இல்லை. வெஜ்வுட் தோற்றார் என்று சொல்லும்போது இந்த இரண்டு பிரிவுகளையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும். அவை விழுந்ததற்கு அவர் ஒருவரே காரணமல்லர். ஆனால் 1912-இல் மிக உரக்க எதிர்த்தவர்களில் அவர் முன்னால் நின்றார்.

1913 மசோதாவில் எஞ்சியவையும் சிறியவை அல்ல. நான்கு வகைப் பெயர்கள் சட்டத்தில் ஏறின. அவற்றில் 'ஒழுக்க மூடர்' என்ற வகையைப் பாருங்கள்: இளமையிலிருந்தே நிலையான மனக்குறையும், அதனுடன் வலுவான தீய அல்லது குற்றப் போக்கும் கொண்டு, தண்டனையால் சிறிதும் அஞ்சாதவர். குற்றம் செய்தவனுக்குக் குறிப்பிட்ட காலத் தண்டனை உண்டு, விடுதலை நாள் உண்டு. இந்தப் பெயர் சூட்டப்பட்டவருக்கு விடுதலை நாளே இல்லை. இன்னொரு பிரிவு, திருமணமாகாமல் கருவுற்றோ பிள்ளை பெற்றோ இருக்கும் நிலையில் ஏழைகளுக்கான அரசு உதவியைப் பெறும் பெண், குறைபாடுள்ளவர் என்று கருதப்பட்டால், அவரை நிறுவனத்துக்கு அனுப்ப வழி செய்தது. அதே நிலையில் உள்ள, ஆனால் உதவி கேட்கத் தேவையில்லாத வசதியான வீட்டுப் பெண்ணைப் பற்றி அந்தப் பிரிவு பேசவில்லை.

வெஜ்வுட்டின் வாதம் இந்த இடத்தில்தான் கூர்மை பெற்றது. மருத்துவர் ஒருவரின் கருத்தைக்கொண்டு ஒருவரைக் காலவரையின்றி அடைத்து வைப்பது, நீதிமன்ற விசாரணை என்ற பழைய பாதுகாப்பைக் குறுக்கு வழியில் பறிப்பது என்றார். உழைக்கும் மக்களைக் கால்நடை போல இனப்பெருக்கம் செய்யப் பார்க்கிறார்கள் என்று இனமேம்பாட்டுச் சங்கத்தை நேராகவே சாடினார். கட்டாயக் கருத்தடை இந்தச் சட்டத்தில் இடம்பெறவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் 1910–11-இல் உள்துறையை வைத்திருந்த வின்ஸ்டன் சர்ச்சில் அந்த யோசனையில் ஆர்வம் காட்டியவர். எனவே அச்சம் கற்பனையானது அன்று.

சட்டம் 1914 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. அதை முழுமையாக நீக்கியது 1959-ஆம் ஆண்டின் மனநலச் சட்டம். நாற்பத்தைந்து ஆண்டுகள்.

வடகரை வாசகன்

ஒரு சிறு செய்தி. அன்று அந்த இனமேம்பாட்டுச் சங்கத்தின் தலைவராக இருந்தவர் லியனார்ட் டார்வின், சார்லஸ் டார்வினின் மகன். அவருடைய தாய் எம்மா, வெஜ்வுட் குடும்பத்துப் பெண். நம் ஜோசையாவின் தாத்தா பிரான்சிஸ், எம்மாவின் உடன்பிறந்த அண்ணன். அதாவது ஜோசையாவின் தந்தைக்கு லியனார்ட் டார்வின் அத்தை மகன். பரம்பரை அறிவு, பரம்பரைக் குறை என்று ஊர் முழுவதும் பேசிக்கொண்டிருந்தவர்கள், தங்கள் கொள்கைக்குச் சான்றாக அடிக்கடி சுட்டிய குடும்பங்களில் ஒன்று இந்த டார்வின்–வெஜ்வுட் குடும்பம். அதிலிருந்தே ஒருவர் எழுந்து முழு இரவும் மறுத்துப் பேசியதை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

மறுமுனை

இழை ஒரே திசையில் போகிறது என்பதால் எதிர்ப்பக்கத்தைச் சொல்கிறேன்.

முதலாவதாக, அந்த மசோதாவை ஆதரித்தவர்கள் எல்லோரும் கொடியவர்கள் அல்லர். வேலை இல்லங்களிலும் சிறைகளிலும் கவனிப்பாரின்றிக் கிடந்தவர்களுக்குத் தனிப் பராமரிப்பு வேண்டும் என்று உண்மையாகவே நம்பிய தொண்டர்களும், தொழிற்கட்சி உறுப்பினர் பலரும் ஆதரவாக இருந்தார்கள். கவனிப்பு என்ற தேவைக்கு வெஜ்வுட்டிடம் மாற்று வழி என்ன இருந்தது? அரசு கையை எடுத்துக்கொள்ளட்டும் என்பது நிலவுடைமைக்கு வரி போடச் சொன்ன பழைய தாராளவாதியின் விடை. அது வீதியில் கிடந்தவருக்கு விடையன்று.

இரண்டாவதாக, மூன்றே வாக்குகள் என்பதைப் பெருமையாகச் சொல்வதும் சரியன்று. 1877-க்குப் பிறகு அயர்லாந்து உறுப்பினர்களான பார்னெலும் பிக்கரும் காமன்ஸ் அவையைப் பேசிப் பேசியே முடக்கியதன் விளைவாகத்தான் விவாதத்தை முடித்துவைக்கும் விதியும், கால வரம்பிட்டு மசோதாவை நகர்த்தும் 'கில்லட்டினும்' பிறந்தன. அயர்லாந்துக்காரர்களின் 1881-ஆம் ஆண்டு அமர்வு நாற்பத்தொரு மணி நேரம் நீடித்தது. அவர்களுக்குப் பின்னால் ஒரு நாடு இருந்தது. வெஜ்வுட்டுக்குப் பின்னால் யார் இருந்தார்கள்? தனி மனிதரின் விடாப்பிடி என்பது பத்திரிகைக்கு நல்ல செய்தி, அவ்வளவுதான்.

மூன்றாவதாக, டிரான்ஸ்வாலில் பேரரசின் மாஜிஸ்திரேட்டாக இருந்தவர், இறுதி வரை பேரரசைக் கைவிடாதவர். அவரை விடுதலையின் குரலாக்கும் முன் சற்று நிதானிக்கலாம்.

சுருக்கெழுத்து

மூன்று வாக்குகள் பற்றி ஒரு திருத்தம் மட்டும். காமன்ஸ் அவையில் ஒவ்வொரு பக்கத்துக்கும் இரண்டு எண்ணுநர்கள் நிற்பார்கள், அவர்களுடைய தலைகள் வாக்குக் கணக்கில் சேராது. ஆகவே ஏட்டில் மூன்று என்றிருந்தால் வாக்குக் கூடத்தில் எதிர்த்து நின்றவர்கள் ஐவர். பெரிய வேறுபாடு இல்லைதான், இருந்தாலும் ஏடு படிப்பவர்கள் அறிந்திருக்க வேண்டியது.

'கில்லட்டின்' பற்றி மறுமுனை நண்பர் சொன்னது சரி. அதனுடன் 1909-இல் சேர்ந்த இன்னொரு கருவியையும் சொல்கிறேன். குவிந்து கிடக்கும் திருத்தங்களில் எவற்றை எடுப்பது, எவற்றைத் தாண்டிப்போவது என்று தலைவர் தேர்ந்தெடுக்கும் அதிகாரம் அது. தாவித் தாவிச் செல்வதால் அவை அதற்குக் 'கங்காரு' என்று பெயர் வைத்தது. 120 திருத்தங்களைக் கொடுக்கும் உத்திக்கு நாள் நெருங்கிவிட்டது என்பதற்கு அது அடையாளம்.

ஏட்டுப்புழு

மறுமுனை எழுப்பிய மூன்றாவது கேள்விக்கு நான் படித்தவற்றிலிருந்தே விடை சொல்ல முயல்கிறேன். நிதானிக்கச் சொன்னதை ஏற்கிறேன், ஆனால் நிதானித்துப் பார்த்தாலும் அவர் எளிதில் ஒரு கட்டத்துக்குள் அடங்கவில்லை.

1914 ஆகஸ்ட் 3 அன்று வெளியுறவு அமைச்சர் எட்வர்ட் கிரே போருக்கு அவையை ஆயத்தப்படுத்திய உரையை எல்லோரும் அறிவார்கள். அன்று மாலையே, ஒத்திவைப்பு விவாதத்தில், போரை ஐயுற்ற சிலர் ஒருவர் பின் ஒருவராக எழுந்தார்கள். அவர்களில் வெஜ்வுட்டும் ஒருவர். இது பதினெட்டாம் நூற்றாண்டின் பழைய பாணிப் போராக இருக்கப்போவதில்லை, கடன் முறையும் வணிகமும் குலைந்து பட்டினி வரும், நூறு ஆண்டுகளுக்கு முன்பு இருந்த அடங்கிய மக்கள் இன்று இல்லை, ஐரோப்பியப் போரைவிடப் பெரிதான ஒன்றை, ஒரு புரட்சியைப் பார்ப்பீர்கள் என்றார். அந்த விவாதம் முழுவதையுமே வண்டல், கசடு என்று முன்னாள் பிரதமர் பால்ஃபோர் இகழ்ந்து முடித்து வைத்தார். பிரிட்டனில் அந்தப் புரட்சி வரவில்லை. ரஷ்யாவிலும் ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் மணிமுடிகள் உருண்டன.

இப்படி எச்சரித்தவர் சில வாரங்களில் சீருடை அணிந்தார். கடற்படை விமானப் பிரிவின் கவச வண்டிகளுடன் பெல்ஜியத்துக்குச் சென்றார். 1915 ஏப்ரல் 25 அன்று துருக்கியின் கலிபோலியில் படை இறங்கியபோது 'ரிவர் கிளைட்' கப்பலின் முகப்பில் இயந்திரத் துப்பாக்கிகளுடன் இருந்தார், அடுத்த மாதம் காயமடைந்தார், வீரப்பதக்கம் பெற்றார். இதை முரண்பாடு என்றும் சொல்லலாம். ஆனால் பிற்பாடு போரைப் பற்றி அவையில் பேசியபோது அவரைக் கோழை என்று யாராலும் ஒதுக்க முடியவில்லை. 1914-க்கு முன்பு அவர் 'திரு. வெஜ்வுட்', பின்பு ஏட்டில் 'தளபதி', பிறகு 'கர்னல் வெஜ்வுட்'. அதே வாதத்தைக் கர்னல் சொல்லும்போது எதிர்வரிசை சற்றுக் கூடுதல் அமைதியாகக் கேட்டிருக்கும் என்றே நினைக்கிறேன்.

மெசபடோமியா (இன்றைய ஈராக்) போர் நடவடிக்கையை விசாரித்த ஆணையத்தில் அவர் இடம்பெற்றதையும் இத்துடன் வைத்துப் பார்க்க வேண்டும். 1916 ஏப்ரலில் அங்கே கூத் நகரில் இந்தியப் படையினர் பெரும்பான்மையாக இருந்த பிரிட்டிஷ் படை சரணடைந்தது. காயம்பட்டவர்களுக்கு மருந்தும் படகும் கிடைக்காத அவலத்தை விசாரித்த ஆணையத்தின் பெரும்பான்மை அறிக்கையில் அவர் கையெழுத்திடாமல் தனி அறிக்கை எழுதினார். பழி சுமத்துவதோடு நிற்காமல், இந்தியர்களுக்கு ஆட்சியில் கூடுதல் பங்கு தரப்பட வேண்டும் என்பதையும் அதில் சேர்த்தார். ஆணையத்தின் அறிக்கை மீது 1917 ஜூலையில் நடந்த விவாதத்தில்தான் இந்தியாவுக்கான அமைச்சர் ஆஸ்டன் சேம்பர்லின் பதவி விலகினார், அவர் இடத்துக்கு எட்வின் மான்டேகு வந்தார், இந்தியாவுக்குப் படிப்படியாகப் பொறுப்பாட்சி தரப்படும் என்ற ஆகஸ்ட் 20 அறிவிப்பும் வந்தது.

சுருக்கெழுத்து

இந்தியாவைப் பற்றிய பேச்சு வந்ததால், 1919-இல் அமிர்தசரஸில் நடந்த ஜாலியன்வாலா பாக் படுகொலை பற்றிய 1920 ஜூலை 8 விவாதத்துக்கு வரலாம். நம் வாசகர்களுக்கு இது நெருக்கமான செய்தி என்பதோடு, நடைமுறை பற்றிய பாடமாகவும் அது சிறந்தது.

அதற்கு முன்பு இந்திய விவகாரம் காமன்ஸ் அவையில் எப்படி இருந்தது? ஆண்டுக்கு ஒருமுறை, கூட்டத்தொடர் முடியும் தறுவாயில், இந்திய வரவுசெலவு அறிக்கை என்று ஒன்று படிக்கப்படும். வெற்று இருக்கைகள் கேட்கும். இந்தியாவுக்கான அமைச்சரின் சம்பளம் இந்திய வருவாயிலிருந்தே எடுக்கப்பட்டதால், மற்ற அமைச்சர்களின் சம்பளத்தைக் குறைக்கக் கோருவது போல இவருடையதைக் குறைக்கக் கோர வழியில்லை. 1919-ஆம் ஆண்டின் இந்திய அரசுச் சட்டம் அந்தச் சம்பளத்தைப் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் ஒதுக்கும் பணத்துக்கு மாற்றியது. ஆகவே 1920-இல் மான்டேகுவின் சம்பளத்தில் 100 பவுண்டைக் குறைக்க வேண்டும் என்ற தீர்மானம் வர முடிந்தது. நம் மக்களவையில் இன்றும் மானியக் கோரிக்கையின் போது 100 ரூபாய் குறைக்கக் கோரும் அடையாள வெட்டுத் தீர்மானம் வருகிறதல்லவா, அதன் மூதாதை இதுதான். தொகையில் ஒன்றுமில்லை, கண்டனம் முழுவதும் அந்தக் குறைப்பில் இருக்கிறது.

அன்று நேர்மாறான இரண்டு பக்கங்களிலிருந்து ஒரே சம்பளத்தின் மீது கத்தி விழுந்தது. சுட ஆணையிட்ட பிரிகேடியர் டயரை இன்னும் கடுமையாகத் தண்டித்திருக்க வேண்டும், மேலதிகாரிகளும் தப்பக் கூடாது என்று தொழிற்கட்சி குறைப்பைக் கோரியது: ஆதரவு 37, எதிர்ப்பு 247. டயருக்கு அநீதி இழைக்கப்பட்டது என்று அல்ஸ்டர் யூனியனிஸ்ட் தலைவர் எட்வர்ட் கார்சனின் அணி கோரியது: ஆதரவு 129, எதிர்ப்பு 230. அரசு இரண்டிலும் வென்றது. பிரபுக்கள் அவையோ அதே மாதத்தில் 129-க்கு 86 என்ற கணக்கில் டயரின் பக்கம் நின்றது. அன்று போர் அமைச்சராக இருந்த சர்ச்சில் அரசுத் தரப்பில் ஆற்றிய உரை புகழ் பெற்றது. வெஜ்வுட் அதற்கு முந்தைய ஆண்டே தொழிற்கட்சிக்கு வந்துவிட்டார் என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

மறுமுனை

1919 டிசம்பர் 22 அன்றே அவர் எழுந்துவிட்டார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 1,650 குண்டுகள் சுட்டதை, படுகொலையை விசாரித்த ஹன்டர் குழுவின் முன் டயர் தாமே ஒப்புக்கொண்ட செய்தி அப்போதுதான் லண்டன் நாளிதழ்களில் வந்திருந்தது. அதிகாரபூர்வக் கணக்கின்படி இறந்தவர்கள் 379 பேர். விசாரணை முடியட்டும் என்று பெரும்பாலோர் காத்திருந்தபோது, இது நம்மை என்றென்றைக்கும் இழிவுபடுத்திவிட்டது, மனிதநேயத்தைப் பற்றி நாம் எங்கே வாய் திறந்தாலும் இந்தக் கதையைத்தான் நம் முகத்தில் எறிவார்கள் என்று அவர் சொன்னார். எதிர்ப்பக்கத்தில் நின்றாலும் உண்மையை மறைக்க மாட்டேன்.

ஆனாலும் அந்தச் சொற்களை மறுபடி படித்துப் பாருங்கள். அதில் அழிந்தது இங்கிலாந்தின் பெயர். அமிர்தசரஸில் சுவருக்கும் கிணற்றுக்கும் இடையே செத்தவர்கள் அந்த வாக்கியத்தின் எழுவாய் ஆகவில்லை. 1920 உரையிலும் ஒன்றை ஒன்று நேசித்திருக்கக்கூடிய இரு இனங்களைப் பிரித்துவிட்டீர்கள் என்றுதான் வருந்துகிறார். அந்த நேசம் எந்த அளவுக்கு இருந்தது என்பதை அமிர்தசரஸில் யாரிடமாவது கேட்டிருக்கலாம்.

முகில்நிலா

மறுமுனை அவர்கள் சுட்டிய எழுவாய் என்னையும் நிறுத்தியது. அதற்கு ஒரு விளக்கம் உண்டு, மன்னிப்பாகச் சொல்லவில்லை. அவருக்கு எதிரே அமர்ந்து கேட்டவர்கள் அமிர்தசரஸ் மக்கள் அல்லர். டயருக்கு நிதி திரட்டிக்கொண்டிருந்த ஒரு நாட்டின் உறுப்பினர்கள். அவர்களை அசைக்கக்கூடிய ஒரே கயிறு எதுவோ அதை அவர் இழுத்தார். 1913-இலும் இதையே செய்தார். அடைக்கப்படப்போகும் ஏழைப்பெண்ணின் துயரத்தைவிட, ஆங்கிலேயரின் பழைய விசாரணை உரிமை பறிபோகிறது என்பதைத்தான் அழுத்திச் சொன்னார், ஏனெனில் அவையின் காதில் ஏறுவது அதுதான்.

இரண்டு விவாதங்களையும் அருகருகே வைத்துப் படித்தபோது எனக்கு வேறொன்றும் தென்பட்டது. அங்கே ஒரு மருத்துவர், இங்கே ஒரு பிரிகேடியர். இருவருமே களத்தில் நிற்கும் நிபுணர், அவருடைய முடிவை நாம் வெளியிலிருந்து கேள்வி கேட்கக் கூடாது என்பதே இரண்டு இடத்திலும் எதிர்வாதம். கார்சன் அணி அன்று சொன்னதும் அதுதான்: அந்த நேரத்தில், அந்த இடத்தில் நின்ற அதிகாரியின் நல்லெண்ணத்தை நம்புங்கள். வெஜ்வுட்டின் பதினான்கு ஆண்டுப் பேச்சில் மாறாமல் இருந்தது அந்த நம்பிக்கையை மறுத்ததுதான். எர்மெலோவில் தாமே அத்தகைய அதிகாரியாக இருந்ததால், கேள்வி கேட்க ஆளில்லாத அதிகாரம் எப்படி இயங்கும் என்பதை உள்ளிருந்து அறிந்திருப்பார் என்று எனக்குத் தோன்றுகிறது. மறுமுனை குறையாகச் சொன்ன மாஜிஸ்திரேட் பதவியே இதற்கும் ஊற்றாக இருக்கலாம்.

1920 உரையில் இன்னொரு பகுதியும் உண்டு. அந்த இடத்தில் ஒரு நினைவிடம் எழும், ஆண்டுதோறும் இந்தியர்கள் ஊர்வலமாக வந்து வணங்குவார்கள், ஆங்கிலேயர்களும் அதன் முன் தொப்பியைக் கழற்றி நிற்பார்கள் என்று சொல்கிறார். நினைவிடம் 1961-இல் திறக்கப்பட்டது. எலிசபெத் அரசி 1997-இலும், பிரதமர் டேவிட் கேமரூன் 2013-இலும் அங்கே வந்து நின்றார்கள்.

மறுமுனை

அந்த ஒப்பீட்டை ஏற்கிறேன். கவனிப்புக்கு மாற்று வழி என்ன என்ற என் முதல் கேள்வி அப்படியே இருக்கிறது.

ஏட்டுப்புழு

அதற்கு என்னிடமும் விடையில்லை. 1913-இன் அந்த இரண்டு இரவுகளை முழுமையாகப் படித்துவிட்டு வருகிறேன், ஒருவேளை 120 திருத்தங்களில் ஏதாவது ஒன்று அதைத் தொட்டிருக்கலாம். எண்ணிக்கைப் பட்டியலை ஓரமாக வைத்துவிட்டேன். அதற்குப் பதிலாக ஒவ்வொரு திருத்தத்துக்கும் எந்தப் பிரிவு, எந்தச் சொல், அமைச்சர் என்ன பதில் சொன்னார், திரும்பப் பெற்றாரா, வாக்கெடுப்பு நடந்ததா என்று ஓர் அட்டவணை போடத் தொடங்கியிருக்கிறேன். சுருக்கெழுத்து ஐயா, மேற்கோள் காட்டும்போது பக்க எண்ணா, பத்தி எண்ணா?

சுருக்கெழுத்து

ஹன்சார்டில் பக்க எண் கிடையாது ஐயா. ஒரு பக்கத்தில் இரண்டு நெடும்பத்திகள், ஒவ்வொன்றுக்கும் தனி எண். தொகுதி எண்ணையும் அந்தப் பத்தி எண்ணையும் கொடுத்தால் போதும். ஐந்தாம் வரிசை என்பதைக் குறிப்பிட மறக்காதீர்கள், 1909-இல் தொகுதி எண் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குகிறது.